தாத்தா 80 - திருக்கடையூர் (குடும்ப குரூப்)

14/06/2025, சனி

ரமா, காலை 9:06
செந்தில் இருக்கியா. கம்ப்யூட்டர் மறுபடி நின்னு போச்சு

ரமா, 9:08
அப்பாவோட 60ம் கல்யாணம் வீடியோ போட்டோ எல்லாம் இருக்குற அந்த கறுப்பு ஹார்ட் டிஸ்க்க போட்டா கொஞ்ச நேரம் ஓடுது, கார்த்தி மாடில லேப்டாப்ல இருந்து வைஃபைல எடுக்க ஆரம்பிச்சதும் கீழ அப்படியே நிக்குது, மவுஸ் மட்டும் நகருது, எதை அமுக்குனாலும் வெள்ளையா போய்டுது. பேனர்காரர் சாயங்காலத்துக்குள்ள போட்டோ கேக்குறாரு

குமார், 9:10
வைரஸ்

பாபு, 9:11
வோல்டேஜா இருக்கும். இங்க குத்தாலத்துல மோட்டாரே எடுக்கல

குமார், 9:11
ஆத்துல தண்ணி வரலயா இன்னும்

பாபு, 9:14
12ந்தேதி மேட்டூர் தொறந்தாச்சுண்ணே. நாளைக்கு கல்லணை தொறக்குறாங்களாம். நம்ம வாய்க்காலுக்கு வர்றதுக்கு இன்னும் நாளாவும். குறுவைக்கு நாத்தங்கால் போர் தண்ணியில தான் விட்டுருக்கேன்

ரமா, 9:15
டேய் நான் கேட்டது என்ன

செந்தில், 9:31
அக்கா கடைல ஆள் இருந்தாங்க இப்ப தான் பாத்தேன். வைரஸ் இல்ல. நல்லா கேளுங்க, விண்டோஸ் அந்த டிஸ்க்கிட்ட ஒரு ஃபைல கேக்குது, டிஸ்க்கு பதில் சொல்லல, பதில் வர்ற வரைக்கும் விண்டோஸ் காத்துட்டே நிக்குது, அதான் நீங்க பாக்குற வெள்ளை. டிஸ்க்கு பதில் சொல்லாததுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு கரண்ட் பத்தல. அந்த சின்ன டிஸ்க்குக்கு தனி அடாப்டர் கிடையாது, யூஎஸ்பி வழியா வர்ற கரண்ட்டுல தான் உள்ள தட்டு சுத்துது. பழைய யூஎஸ்பி 2.0ல 500 மில்லி ஆம்பியர் தான் கணக்கு, நீல கலர் 3.0ல 900. கேபினட் முன்னாடி போர்ட்டுக்கு உள்ள மெல்லிசா ஒரு வயர் போவும், அதுல இன்னும் நஷ்டம். ரெண்டாவது டிஸ்க்குல சில இடம் கெட்டுப்போயிருக்கும், அந்த இடத்த படிக்க முடியாம திரும்ப திரும்ப படிச்சு பாத்துட்டே இருக்கும். எந்த போர்ட்ல சொருகிருக்கீங்க

ரமா, 9:32
முன்னாடி

கார்த்தி, 9:32
மாமா டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100% காட்டுது ஆனா ஸ்பீடு 0

செந்தில், 9:33
அதேதான்டா

குமார், 9:34
லேப்டாப்லயே நேரா சொருக வேண்டியது தானே

கார்த்தி, 9:34
லேப்டாப்ல டைப் சி மட்டும் தான் பெரிய மாமா

குமார், 9:35
நீங்க வாங்குனதெல்லாம் இப்படித்தான்

விஜி, 9:40
ரமா அந்த 60ம் கல்யாண போட்டோ எல்லாமே அந்த டிஸ்க்ல தான் இருக்கா? வேற எங்கயும் இல்லயா

ரமா, 9:41
ஆல்பம் ஒண்ணு இருந்துச்சு. அது சென்னைக்கு போச்சு

விஜி, 9:41
நான் எடுத்துட்டு போகல

ரமா, 9:42
நீன்னு நான் சொன்னேனா

பாபு, 9:42
ஆரம்பிச்சுட்டாங்க

செந்தில், 9:50
வேற எங்கயும் காப்பி இல்லன்னா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்க்கா, இத எல்லாரும் படிங்க. முதல்ல ஷேரிங்க நிறுத்துங்க. மாடில இருந்து ஒருத்தர் இழுக்க, கீழ ஒருத்தர் ஃபோல்டர தொறக்க, டிஸ்க்கு ரெண்டு பக்கமும் ஓடணும், ஏற்கனவே தளந்துபோன டிஸ்க்கு தாங்காது. கம்ப்யூட்டர முறையா ஆஃப் பண்ணிட்டு டிஸ்க்க பின்னாடி நீல போர்ட்ல நேரா போடுங்க, நடுவுல பல போர்ட் இருக்குற ஹப் வேணாம், வேற கேபிள் இருந்தா மாத்துங்க. ஆன் பண்ணதும் 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்'னு கேட்டா அமுக்காதீங்க. 'ஃபார்மேட் பண்ணவா'ன்னு கேட்டா கேன்சல். சரி பண்றேன்னு அது எழுத ஆரம்பிச்சா இருக்குற ஃபைலும் போவும், முதல்ல காப்பி, ரிப்பேர் எல்லாம் அப்புறம். ஃபோல்டர் வியூவ 'டீடெய்ல்ஸ்'ல வைங்க, பெரிய ஐகான் வச்சா ஒவ்வொரு வீடியோவுக்கும் சின்ன படம் எடுக்க டிஸ்க்க போட்டு கசக்கும். போட்டோ ஃபோல்டர மட்டும் முதல்ல கம்ப்யூட்டர் உள்ளயே இருக்குற டி டிரைவுக்கு காப்பி போடுங்க, கார்த்தி டி டிரைவ்ல இருந்து வைஃபைல எடுத்துக்கட்டும். டக் டக்னு சத்தம் வந்தா உடனே நிறுத்திடணும். பாபு சொன்னதும் ஒரு வகைல சரி, யூபிஎஸ் இல்லாம காப்பி போடாதீங்க, நடுவுல கரண்ட் போனா அடி டிஸ்க்குக்கு தான்

பாபு, 9:51
பாத்தீங்களா நான் சொன்னேன்

குமார், 9:52
இவ்ளோ பெருசா எழுதுனா யாரு படிப்பா செந்தில்

ரமா, 9:53
நான் படிச்சேன். பண்றேன்

குமார், 10:20
ஆனி கடைசில டிக்கெட் போடவா வேணாமா. தேதி உறுதியா

பாபு, 10:22
அய்யர் ரெண்டு தேதி சொல்லிருக்காரு. அப்பா மொத தேதி தான்ங்குறார், அம்மா ரெண்டாவது

ரமா, 11:37
பின்னாடி போட்டதுல நிக்கலடா செந்தில்!! போட்டோ வருது

கார்த்தி, 11:40
படம் அனுப்பினார்

விஜி, 11:41
அம்மா அரக்கு பட்டு 😭 அப்பாவுக்கு அப்ப முடி இருந்திருக்கு பாரு

குமார், 11:42
பேனருக்கு இதுவே போடுங்க

விஜி, 11:46
தண்ணி ஊத்துறப்ப அப்பா தலைக்கு மேல சல்லடைய புடிச்சிருக்குற கை என்னோடது. ஓரத்துல. ரெண்டு பச்சை கண்ணாடி வளையல் இருக்கு பாருங்க. அன்னிக்கு எல்லாரும் என்னை பின்னாடி நில்லுன்னாங்க, அம்மா தான் கூப்ட்டு கைல சல்லடைய குடுத்தாங்க

பாபு, 11:47
ஓ

ரமா, 11:49
ஆமா விஜி. கார்த்தி அந்த ஓரத்த வெட்டாம பேனர் போட சொல்லு

கார்த்தி, 11:50
சரிம்மா. ஆனா சைஸ் இடிக்கும்

குமார், 11:50
பேனர்காரன் பாத்துக்குவான்

ரமா, மதியம் 12:25
செந்தில் போட்டோ முழுசா வந்துடுச்சு. வீடியோ ஃபோல்டர்ல ரெண்டாவது ஃபைல்ல திரும்ப நின்னுடுச்சு. நீ கார்த்திக்கு போட சொன்ன, டிஸ்க்கு நல்லாருக்கான்னு பாக்குற சாஃப்ட்வேர் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோல மஞ்ச கலர்ல 'காஷன்' காட்டுதாம்

செந்தில், 12:31
நெனச்சேன். நீலம்னா நல்லாருக்குன்னு அர்த்தம், மஞ்சன்னா டிஸ்க்கு தேய ஆரம்பிச்சாச்சு. போர்ட் பிரச்சனையும் இருந்துச்சு, டிஸ்க்கு பிரச்சனையும் இருக்கு. இனிமே அதுல கை வைக்காதீங்க, திரும்ப திரும்ப காப்பி போட்டு பாக்காதீங்க. நிக்குற ஃபைல விட்டுட்டு மத்தத எடுக்க என்கிட்ட வழி இருக்கு, மன்னார்குடிக்கு குடுத்து விடுங்க. வர்றப்ப துணில சுத்தி கைல வச்சுக்கணும், பஸ்ல மேல ரேக்ல போடக்கூடாது. வந்த போட்டோவ இன்னிக்கே ஒரு பென்டிரைவ்லயும் கூகுள் டிரைவ்லயும் ஏத்துங்க, 15 ஜிபி வரைக்கும் சும்மாவே இடம் தருவாங்க. இங்க வாட்ஸ்அப்ல அனுப்புறதா இருந்தா 'டாக்குமென்ட்'டா அனுப்புங்க, போட்டோவா அனுப்புனா தெளிவு கொறஞ்சுடும், பேனர்ல அம்மா மூஞ்சி கலங்கி தெரியும்

விஜி, 12:35
சென்னைல ரெக்கவரி பண்றவங்க இருக்காங்க. என்கிட்ட குடுத்தா நான் காட்டுறேன், செலவு என்னோடது

ரமா, 12:44
செந்தில் மொதல்ல பாக்கட்டும்

விஜி, 12:45
சரி

குமார், 12:50
புது டிஸ்க்குக்கு நான் போடுறேன் காசு. ரெண்டா வாங்குங்க. ஒண்ணு ரமாகிட்ட ஒண்ணு விஜிகிட்ட இருக்கட்டும்

பாபு, 12:51
எனக்கு?

ரமா, 12:52
உனக்கு எதுக்கு நீ கம்ப்யூட்டரே போட மாட்ட

செந்தில், 12:53
மன்னார்குடிக்கு யாரு கொண்டு வர்றீங்க

கார்த்தி, 12:54
எனக்கு திங்கள் எக்ஸாம்

பாபு, 1:10
நான் செவ்வாய் அந்த பக்கம் உரம் வாங்க வந்தாலும் வருவேன். தண்ணி வந்துட்டா வர முடியாது

ரமா, 1:12
செவ்வாய்கிழமை அந்த வீடியோவ வெளில அனுப்ப வேணாம்னு அம்மா சொல்றாங்க

குமார், 1:13
அய்யோ

பாபு, 1:20
திருக்கடையூருக்கு வேனா பஸ்ஸா அத சொல்லுங்க, வேன்காரர் அட்வான்ஸ் கேக்குறாரு