பாப் சிடென்ஸின் 27 ஆண்டுகள்: பள்ளி மல்யுத்தப் பயிற்சியாளர் ஒருவரின் வெற்றியை எப்படி அளப்பது?

கேள்வி: வாட்டர்லூ_அம்மா

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள வாட்டர்லூ நகரத்துக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் இந்தக் குளிர்காலத்தில் பள்ளி மல்யுத்த அணியில் சேர்ந்திருக்கிறான். எங்கள் இரு குடும்பங்களிலும் இதுவரை யாரும் மல்யுத்தம் பக்கம் போனதில்லை.

பெற்றோர் கூட்டத்தில் பெரியவர் ஒருவர், பாப் சிடென்ஸ் என்ற அந்தக் காலத்துப் பயிற்சியாளரைப் பற்றி, ஏதோ நேற்றுவரை பக்கத்து வீட்டில் இருந்தவரைப் போல அரை மணி நேரம் பேசினார். 1950 முதல் 1977 வரை வெஸ்ட் வாட்டர்லூ உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியளித்தவர். 327 வெற்றி, 26 தோல்வி, 3 சமநிலை. 11 மாநிலப் பட்டங்கள். ஒரு கட்டத்தில் தொடர்ச்சியாக 88 வெற்றிகள். ஒருவனை ஒருவன் வீழ்த்தும் விளையாட்டில் சமநிலை எப்படி வரும் என்பது முதலில் எனக்குப் புரியவில்லை. அதைவிட முக்கியமான சந்தேகம் வேறு. பின்னாளில் ஒலிம்பிக் தங்கம் வென்ற டான் கேபிள் போன்ற ஒரு மாணவர் வந்து வாய்த்ததால்தான் சிடென்ஸுக்கு இவ்வளவு புகழ் கிடைத்ததா? ஒரு பயிற்சியாளர் நல்லவரா என்பதை என்னைப் போன்ற ஒரு தாய் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

மறுமொழி: மதிப்பெண்_மேசை

அம்மா, பன்னிரண்டு ஆண்டுகளாகப் பள்ளிப் போட்டிகளில் புள்ளி குறிக்கும் மேசையில் தன்னார்வலராக உட்கார்ந்து வருபவன் என்ற முறையில் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அந்த 327 என்பது தனித்தனிப் பையன்களின் வெற்றி அன்று. பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே நடக்கும் ‘டூயல்’ போட்டிகளின் கணக்கு. ஒவ்வோர் எடைப் பிரிவிலும் இரு பள்ளிகளும் ஒருவரை இறக்கும். ஒவ்வொரு மோதலின் முடிவும் அணிக்குப் புள்ளிகளாக மாறும். கூட்டிப் பார்க்கும்போது இரு அணிகளும் ஒரே எண்ணில் நின்றால் அது சமநிலை. அப்படி நின்றாலும் வெற்றியாளரைத் தீர்மானிக்க இன்று விதிகள் இருக்கின்றன.

பயிற்சியாளரின் திறமை தெரியும் இடம் இந்தப் புள்ளிமுறைதான். இன்றைய விதிப்படி, எதிராளியின் இரு தோள்களையும் மெத்தையில் படிய வைத்து மல்லாத்திவிட்டால் அணிக்கு 6 புள்ளிகள். எட்டுப் புள்ளிக்குக் குறைவான வித்தியாசத்தில் வென்றால் 3 மட்டுமே. ஆகவே, தன்னைவிடப் பலசாலியிடம் அகப்பட்ட ஒரு பையன், தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும், பாலம்போல் முதுகை வளைத்துத் தோளை மெத்தையில் படவிடாமல் ஆறு நிமிடமும் போராடி ஐந்து புள்ளி வித்தியாசத்தில் தோற்றால், அவன் தன் அணிக்கு மூன்று புள்ளிகளைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறான். அணியின் வெற்றி அந்த மூன்றில் தீர்மானமாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அரங்கம் வென்றவனுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, தோற்று வியர்வை சொட்ட வெளியே வரும் பையனின் தலையைத் தட்டி, அவன் மிச்சப்படுத்தியது எவ்வளவு என்று சொல்லும் பயிற்சியாளரைப் பார்த்தால், அவரிடம் உங்கள் பிள்ளையை நம்பி விடலாம்.

27 பருவங்களில் 26 தோல்விகள் என்றால் ஆண்டுக்கு ஒன்றுகூட இல்லை. ஓரிரு நட்சத்திர வீரர்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த எண்ணை எட்டவே முடியாது. கடைசி எடைப் பிரிவுவரை ஆள் தயாராக இருக்க வேண்டும்.

மறுமொழி: சீடர்_நதிக்கரை

கேபிளைப் பற்றிய கேள்விக்கு நான் வருகிறேன். கேபிள் உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடியது மூன்றே ஆண்டுகள். அந்த மூன்றிலும் அவர் மாநிலப் பட்டம் வென்றார். 64 மோதல்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆனால் சிடென்ஸின் 27 பருவங்களில் 24 பருவங்கள் கேபிள் இல்லாதவை. பள்ளி வென்ற 11 பட்டங்களில் அதிகபட்சம் மூன்றில்தான் அவருக்குப் பங்கு இருக்க முடியும். ஆகவே, கேபிளால் சிடென்ஸுக்குப் பெயர் வந்தது என்ற பேச்சு கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சிடென்ஸ் வெறும் நிலத்தில் விதைத்தவர் அல்லர். வாட்டர்லூவை அடுத்த சீடர் ஃபால்ஸ் ஆசிரியர் கல்லூரியில், டேவ் மெக்கஸ்கி என்ற பெரும் பயிற்சியாளரிடம் பாடம் கற்றவர் அவர். அந்தக் கல்லூரி 1950இல் தேசிய பட்டமே வென்றது. டிராக்டர் ஆலையும் இறைச்சி ஆலையும் சோறுபோட்ட ஓர் உழைப்பாளர் நகரம், தன் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே ஒய்.எம்.சி.ஏ. கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஊர் தரும் பிள்ளைகளை 27 ஆண்டுகள் ஒரே பள்ளியில் இருந்து வாங்கி வளர்த்ததுதான் அவருடைய சாதனை என்பேன். நம்மவர்கள் பலர் இடம் மாறுவதையே முன்னேற்றமாக எண்ணுகிறோம், அவர் மாறவில்லை.

1964இல் கேபிளின் அக்காள் சொந்த வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார். அந்த வீட்டுக்குத் திரும்பவே பெற்றோர் தயங்கியபோது, திரும்பிப் போவோம் என்று வற்புறுத்தி, அக்காளின் அறையையே தன் அறையாக்கிக்கொண்ட அந்தப் பதினைந்து வயதுப் பையன்தான் அடுத்து வந்த ஆண்டுகளில் சிடென்ஸின் மெத்தைமீது நின்றான். அப்படிப்பட்ட ஒரு பையனை ஒவ்வொரு மாலையும் எதிர்கொள்ளும் ஆசிரியரின் பொறுப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. பின்னர் கேபிள் கல்லூரியில் 117 மோதல்களை வென்று, 1970இல் கடைசி மோதலில் மட்டும் லாரி ஓவிங்ஸிடம் 13–11 எனத் தோற்றார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எதிராளிக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றார். அயோவா பல்கலைக்கழகப் பயிற்சியாளராக அணிக்கு 15 தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தார்.

மறுமொழி: பழைய_126

மேலே இருவரும் எழுதியவை உண்மை. ஆனால் ஒரு தாய் கேட்கும்போது எடையைப் பற்றிப் பேசாமல் விடக் கூடாது. நான் படித்த பள்ளியில் (பெயர் வேண்டாம்) பயிற்சியாளரின் அறை முழுக்கக் கோப்பைகள் இருந்தன. போட்டிக்கு முந்தைய இரண்டு நாட்கள் நாங்கள் சாப்பிட மாட்டோம். பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு கொதிகலன் அறையில் ஓடுவோம். அதன் பிறகும் சிறிது எடை மிச்சமிருந்தால், பள்ளிப் பேருந்தின் பின்னிருக்கையில் உட்கார்ந்து காலிக் குப்பியில் எச்சிலைத் துப்பிக்கொண்டே வருவோம். நாக்கு மரக்கட்டைபோல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோப்பைகளில் ஒன்று என் எடைப் பிரிவில் வந்தது. அதை நினைத்து நான் ஒருநாளும் மகிழ்ந்ததில்லை.

1997இல் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி வீரர்கள் இப்படி எடை குறைக்கும் முயற்சியில் உயிரிழந்த பிறகுதான் விதிகள் இறுகின. இன்று பள்ளி வீரர்களுக்கும் பருவத் தொடக்கத்தில் உடலின் நீர்ச்சத்தையும் கொழுப்பையும் அளந்து, எந்த எடைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று வரம்பு கட்டுகிறார்கள். ஆண் பிள்ளைகளுக்குக் கொழுப்பு 7 சதவீதத்துக்கும், பெண் பிள்ளைகளுக்கு 12 சதவீதத்துக்கும் கீழே போகக் கூடாது. வாரத்துக்கு ஒன்றரை சதவீதத்துக்கு மேல் எடை குறைக்கவும் கூடாது. உங்கள் மகனின் அளவீட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி கேட்டவர்: வாட்டர்லூ_அம்மா

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை பயிற்சி முடியும்வரை காத்திருந்து அந்தத் தாளைக் கேட்டேன். பயிற்சியாளர் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினார். என் மகன் 118 பவுண்டு இருக்கிறான். 113 பிரிவுக்கு இறங்க வரம்பில் இடம் இருக்கிறது. இருந்தாலும் அவன் வளரும் பிள்ளை, 120இலேயே ஆடட்டும், இரவில் வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். அந்தப் பிரிவில் அவனுக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருப்பதால், இந்தப் பருவம் முழுக்க இவன் இளையோர் அணியில்தான் ஆடுவான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் என் மகன் ஐந்து தோசை சாப்பிட்டான். அவனுடைய முதல் போட்டி வருகிற வியாழக்கிழமை நடக்கிறது.