கன்னி ஆட்டுப் பண்ணை: தாய் ஆடு எங்கே பிடிக்க?

விளாத்திகுளம்_புதுசு:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். மூணு ஏக்கர் கரிசல் இருக்கு. கறிக்கு இல்ல, வளர்ப்புக்குக் குட்டி விக்கிற மாதிரி நம்ம பக்கத்துக் கன்னி இன ஆட்டுப் பண்ணை போடணும். 20 பெட்டை, 1 கிடா. எட்டயபுரம் சந்தையில மொத்தமாப் பிடிச்சிரலாமா? தரைக்கு மேல தூக்கிக் கட்டுற பரண் கொட்டகைக்கே பாதிப் பணம் போயிரும் போல.

கரிசல்காட்டான்:
சந்தையில பெட்டை பிடிக்காதீங்க தம்பி. நல்லா ஈனுற ஆட்டை எவன் சந்தைக்கு ஓட்டுவான்? மலடு, மடி கல்லானது, குட்டியை ஒதுக்குறது, இதான் வரும். ஆட்டுக்கொல்லி நோயும் கூடவே வண்டி ஏறிரும்.

ஊர் ஊராப் பட்டிக்குப் போங்க. ரெட்டை போட்டு, ரெண்டையும் தானே பால் குடுத்துத் தேத்துன தாயோட பெட்டைக்குட்டியைக் கேளுங்க. பெரிய ஆடுன்னா வாயைத் திறந்து பல்லுல வயசைப் பாருங்க, ரெண்டு பல்லு, நாலு பல்லுக்கு மேல வேண்டாம். மடியை அமுக்குனா உள்ள கட்டி தட்டக்கூடாது.

பணத்தைக் கிடாயில போடுங்க. பிறக்கிற அத்தனை குட்டிக்கும் அவன்தானே அப்பன். முகத்துல ரெண்டு பக்கமும் இறங்குற வெள்ளைக் கோட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கோடு இருக்கிறதெல்லாம் ரெட்டை போடாது. கிடாயும் ரெட்டையில பிறந்ததான்னு விசாரிங்க.

பரண் எதுக்கு? தரையை மேடாக்கிச் சரள் கொட்டி ஓலை போடுங்க. மழையில கரிசல் சேறாகிக் குளம்பு அழுகாம இருந்தாப் போதும்.

மானாவாரி:
தலைச்சேரி ஆடு வாங்குங்க, எடை நிக்கும்.

கரிசல்காட்டான்:
கறிக்கு இல்லன்னு தம்பி முதல்லயே சொல்லிட்டாரே!

விளாத்திகுளம்_புதுசு:
ஒரே கிடாயை எத்தனை வருஷம் வச்சிருக்கலாம் அண்ணாச்சி?

கரிசல்காட்டான்:
அதோட மகளுக எட்டு, பத்து மாசத்துல பருவத்துக்கு வந்துரும். அதுக்குள்ள வேற பட்டிக்காரர்கிட்ட கிடாயை மாத்திக்கோங்க. காதுல நம்பர் வில்லை போட்டு, தாய் எது, அப்பன் எதுன்னு நோட்டுல எழுதுங்க. அந்த நோட்டு இல்லன்னா உங்க குட்டிக்கும் கறி விலைதான் கேப்பான்.

கோவில்பட்டி_அக்கா:
சினை 150 நாள் தம்பி. ஆவணியில கிடாயைச் சேர்த்தா தையில குட்டி விழும், மழை ஓய்ஞ்சு பச்சையும் கிடக்கும். ஐப்பசி அடைமழையில ஈத்து வந்தா குட்டி தங்காது. துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியை மழைக்கு முன்னாடியே போட்டிருங்க. ஆவணி வரைக்கும் கிடாயைத் தனியா அடைங்க. கயித்துல கட்டுனா அத்துக்கிட்டுப் போயிரும், கம்பி வலைதான் சரி.