பொருள்: என்விரான்மென்டல் ஸ்டோரிடெல்லிங் – தமிழில் எது?

அஸ்தம்பட்டி:

எல்லோருக்கும் வணக்கம். சினிமா, கேம் இரண்டுக்கும் சேர்த்துப் போடும் சொற்பட்டியல் இந்தச் சொல்லில் முட்டி நிற்கிறது. யாரும் வாய் திறக்காமல், கிடக்கிற பொருளும் நிற்கிற சுவருமே கதையைச் சொல்லிவிடும் உத்தி. தீம் பார்க் வடிவமைப்பாளர் டான் கார்சன் 2000-இல் இதைப் பற்றி எழுதினார். 2010 கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் மத்தியாஸ் வொர்ச்சும் ஹார்வி ஸ்மித்தும் இதற்கென்றே ஓர் உரை நிகழ்த்தினார்கள்.

பட்டியலில் இப்போது இருப்பது "சூழல்வழிக் கதைசொல்லல்". நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சூழல் என்றதும் மரம் நடுவதும் பிளாஸ்டிக் ஒழிப்பும்தான் ஞாபகம் வரும். காட்டைக் காப்பாற்றும் சிறுவர் கதை என்று நினைத்துக்கொள்வார்கள். வேறு சொல் வேண்டும்.

ஏற்காடு:

நம்மிடம் இருப்பதை விட்டுவிட்டு எங்கே தேடுகிறோம்? தொல்காப்பியம் "தெய்வம் உணாவே மா மரம் புள் பறை" என்று பட்டியலே போட்டு, இவை கரு என்கிறது. குறிஞ்சிப் பாட்டில் குரங்கும் பலாவும் சும்மா வருவதில்லை. தலைவி சொல்லாததை அவை சொல்லும். இதுவும் அதே வேலைதானே? "கருப்பொருள்வழிக் கதை" என்று வைத்துவிடலாம்.

செவ்வாய்ப்பேட்டை:

ஏற்காட்டார் சொல்வது இலக்கணப்படி சரி, புழக்கத்தில் நடக்காது. இன்றைக்குப் படத்தின் கருப்பொருள் என்றால் அதன் மையக்கருத்து. "கருப்பொருள்வழி" என்று எழுதினால் கருத்தை மையமாக வைத்த கதை என்றுதான் படிப்பார்கள், அது நேர் எதிர். கருப்பொருள் வழியாக மறைபொருள் உணர்த்துவதைப் பழைய இலக்கணம் சொல்லும் "இறைச்சி" என்ற சொல்லும் பொருந்தும். ஆனால் கேம் மெனுவில் போட்டால் கறிக்கடைதான். "உள்ளுறை" வேண்டுமானால் சப்டெக்ஸ்டுக்கு, அதாவது வசனத்துக்கு அடியில் ஓடும் பொருளுக்கு, இருக்கட்டும், அதை இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

என் பங்குக்கு: "களவழிக் கதை".

அஸ்தம்பட்டி:

களவழி நாற்பது என்று போர்க்களப் பாட்டு இருக்கிறதே. அது தெரியாதவர்கள் களவு வழி என்று பிரிப்பார்கள், திருட்டுக் கதை ஆகிவிடும். களம் மட்டும் நல்ல சொல். கதைக்களம், ஆடுகளம், நெற்களம் எல்லாம் வாயில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பின்பாதியை மாற்றலாம்.

சினிமாக்காரர்கள் "இது மிஸான்ஸென்தானே, கேமரா முன்னால் ஆளையும் பொருளையும் வெளிச்சத்தையும் அமைப்பதுதானே" என்பார்கள். அல்ல. படத்தில் கேமரா எங்கே நிற்கிறது, எத்தனை நொடி நிற்கிறது என்பது இயக்குநர் கையில். செட்டுக்கு ஒரு பக்கம் இருந்தால் போதும், பின்பக்கம் சட்டமும் சாக்கும்தான். கேமில் ஆடுகிறவர் சுவருக்குப் பின்னாலும் போவார், முக்கியமானதைப் பார்க்காமலும் போவார். அவராகக் கண்டு, அவராகக் கோத்துக்கொள்வதுதான் இந்த உத்தியின் உயிர். ஏற்காடு ரோட்டில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்கிறவர், ஸ்டுடியோவைக் காணோமே என்று யோசிக்கிறார் பாருங்கள், அந்த யோசனையை உண்டாக்குவதுதான் வேலை.

ஏற்காடு:

சரி, கருப்பொருளை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் எந்தச் சொல் வந்தாலும் இந்தக் காட்சியை வைத்து உரசிப் பாருங்கள்.

சேர்வராயன் மலையில் ஓர் எஸ்டேட். காபிப் பழம் காயப்போடும் சிமென்ட் களம். பாதிக் களத்தில் பழத்தைக் கிளறிவிட்ட கோடுகள் வரிசையாக இருக்கின்றன. கோடு முடிகிற இடத்திலேயே கிளறும் பலகை குப்புறக் கிடக்கிறது. தார்ப்பாய் ஒரு மூலையில் மட்டும் கட்டியிருக்கிறது. மூடாத பக்கத்துப் பழத்தில் பூஞ்சை.

தார்ப்பாயை எடுத்தது பனிக்கு மூடத்தான், ஆக நேரம் சாயங்காலம். வேலை பாதியில் நின்றது என்று பலகை சொல்கிறது. பழம் நனைந்து, நாளாகியும் ஆள் திரும்பவில்லை என்கிறது பூஞ்சை. என்ன நடந்துகொண்டிருந்தது, எப்போது நின்றது, நின்று எவ்வளவு ஆயிற்று: மூன்றுக்கு மூன்று பொருள். இதற்கு மேல் ரத்தமும் ஒற்றைச் செருப்பும் போட்டால் கெட்டது. ஆடுகிறவர் யோசிப்பதை நிறுத்திவிடுவார்.

இதே காட்சியில் ஆபீஸ் சுவரில் மே மாதக் காலண்டரை மாட்டினால் வேறு கோளாறு. இங்கே அரபிகா பழம் பறிப்பது நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை. மார்ச், ஏப்ரல் மழைக்குப் பூக்கும். மே மாதம் செடியில் பச்சைப் பிஞ்சுதான். விவரம் தெரிந்தவர் காலண்டரையே துப்பு என்று எடுத்துக்கொண்டு கதையில் இல்லாத மர்மத்தைத் துருவுவார். இப்படித் தவறி விழுந்த பொருளுக்கும் ஒரு பெயர் வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை:

இந்தக் காட்சி உதவியது. இங்கே இரண்டு சொல் தேவைப்படுகிறது. பலகை, பூஞ்சை மாதிரி, நடந்த சம்பவம் விட்டுப்போன தடயம் ஒவ்வொன்றும் "களச்சுவடு". தவறி விழுந்தது "பொய்ச்சுவடு". மொத்த உத்திக்கு "களக்கூற்று".

தலைவி கூற்று, தோழி கூற்று, கண்டோர் கூற்று என்று அகப்பாட்டில் யார் பேசுகிறார்கள் என்பதை வைத்துத்தான் பிரிக்கிறோம். இங்கே பேசுவது களம். கூற்று என்று வைத்தால் இன்னொரு லாபம், ஒரு கூற்றை இன்னொரு கூற்று மறுக்கலாம். போர்ட்டல் (2007) கேமில், ஆடுகிறவரை வைத்துச் சோதனை நடத்தும் ஒலிபெருக்கிக் குரல் கேக் தருவதாக ஆசைகாட்டிக்கொண்டே வரும். சுவருக்குப் பின்னால் ஒளிந்து வாழ்ந்த ஒருவனின் பொந்தில், காலி டப்பாக்களுக்கு நடுவே, கேக் பொய் என்று திரும்பத் திரும்பக் கிறுக்கியிருக்கும். ஆட்டத்தின் உட்கருத்தே அங்கேதான் இருக்கிறது: சோதனை நடத்தும் குரலின் பேச்சையும் ஒளிந்து வாழ்ந்தவன் சுவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கூற்று முரண் என்று ஒரே வீச்சில் சொல்லிவிடலாம்.

அஸ்தம்பட்டி:

களக்கூற்று பிடித்திருக்கிறது. கூற்று என்றால் எமன் என்பதும் உண்டு; பேய்க் கேம்களுக்கு அது கொசுறு. பள்ளிக்கூடத்துக் "கூற்று – காரணம்" கேள்வியால் சொல்லும் எல்லோருக்கும் பழக்கம். "களச்சுவடு"தான் ஒரு துணைக்கால் சேர்ந்து ளகரம் லகரமானால் காலச்சுவடு பத்திரிகை ஆகிவிடும், மெய்ப்பு பார்ப்பவர் கவனிக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். சுவரில் எழுதியது கூற்றா, வெறும் எழுத்தா? கையில் எடுத்துப் படிக்கும் டைரி, கடிதம் எல்லாம் இதில் சேருமா?

செவ்வாய்ப்பேட்டை:

டைரி சேராது, அது எழுதியவர் கூற்று. சுவர்க்கிறுக்கலில் சொல்லை விட, அது எவ்வளவு நடுங்கியிருக்கிறது, எதன் மேல் எழுதியிருக்கிறது என்பது பேசினால் சுவடு. அரண்மனையின் உயரம், கோயிலின் இருட்டு இவை எதுவும் நடந்த சம்பவம் விட்டுப்போன தடயம் அல்ல. அவை சுவடு ஆகா, ஆனால் களக்கூற்றுதான். அதனால்தான் இரண்டு சொல்.

வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று: கதைக்கு அவசியமான செய்தியை ஒரே சுவட்டில் வைக்காதீர்கள், பாதிப் பேர் தாண்டிப் போவார்கள். வேறு வேறு இடத்தில் இரண்டு மூன்று வைத்து, ஒன்றையாவது வாசல் எதிரே வெளிச்சத்தில் வையுங்கள். பெயர்ப்பலகை எழுத்தை டெக்ஸ்சரோடு (பொருளின் மேல் ஒட்டும் படத்தோடு) சேர்த்து வரைந்துவிட்டால் பிறகு மொழிமாற்ற முடியாது. தனி அடுக்காக வையுங்கள். தமிழ் எழுத்தைக் கோத்துக் காட்டத் தெரியாத கேம் என்ஜினில் "செவ்வாய்ப்பேட்டை" என்று தட்டினால் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் விழும். அதுவும் ஒரு பொய்ச்சுவடு.

ஏற்காடு:

பதிவுக்கு இப்படி அனுப்புகிறேன்.

களக்கூற்று (பெயர்ச்சொல்): பாத்திரத்தின் பேச்சோ படிக்கத் தந்த எழுத்தோ இன்றி, இடமும் அதிலுள்ள பொருளும் கதை உணர்த்துவது. உறுப்பு: களச்சுவடு. வழு: பொய்ச்சுவடு. வினையாக: "களக்கூற்றாய் அமைத்தல்".

திருத்தம் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள். அடுத்தது "லூட் பாக்ஸ்" (உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே கேமில் திறக்கும் பரிசுப் பெட்டி), அதற்கு இப்போதே சண்டை தொடங்கிவிட்டது.