ஆறு நிமிடம் இருபது விநாடி: நாஞ்சிலாருக்கு ஒரு மறுப்பு

தேரடியான்:
அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பார்க்லாந்து பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் உயிர் தப்பிய மாணவர்கள் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு நடத்திய போராட்டம் ஒருநாள் கூத்து என்றும், அவர்களில் ஒருவரான எம்மா கொன்சாலஸ் மேடையில் ஆறு நிமிடம் இருபது விநாடி வாய்திறக்காமல் நின்றதைத் தவிர அவர்கள் எதையும் செய்யவில்லை என்றும் நாஞ்சிலார் நேற்று இங்கே எழுதியிருந்தார். அவர் அந்தக் காணொளியைப் பார்த்ததே இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. பள்ளிக்குள் பதினேழு பேரின் உயிரைப் பறித்த நேரத்தை உணர்த்துவதற்காக, 2018 மார்ச் 24 அன்று வாஷிங்டன் பேரணி மேடைக்கு அவர் வந்ததிலிருந்து கணக்கிட்ட மொத்த நேரம் அது. முதலில் பேசினார், இறந்தவர்களின் பெயர்களைச் சொன்னார். அதன் பிறகே கண்ணீர் வழிய, கூட்டம் இடையில் முழக்கமிட்டபோதும் அசையாமல் நின்றார். மௌனம் மட்டும் நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

நாஞ்சிலான்:
நான்கோ ஆறோ, மௌனத்துக்குப் பயந்து எந்தத் துப்பாக்கி கீழே இறங்கியது? புளோரிடாவின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட். அதுவும் மார்ச் 9 அன்று, உங்கள் பேரணிக்குப் பதினைந்து நாள் முன்பு! ஆறு நிமிடம் இருபது விநாடி என்று நான் சொன்னதில் மாற்றமில்லை.

தேரடியான்:
பேரணிக்கு முந்தைய நாள்களில் மாணவர்கள் உறங்கிக்கொண்டா இருந்தார்கள்? பிப்ரவரி 14 அன்று தோழர்களைப் பறிகொடுத்தவர்கள், ஒரு வாரத்துக்குள் பேருந்தேறித் மாநிலத் தலைநகர் டல்லஹாசிக்குப் போய் சட்டமன்ற உறுப்பினர்களை நேரில் மடக்கினார்கள். பதினெட்டு வயதில் கொலையாளி சட்டப்படியே வாங்கிய வகைத் துப்பாக்கிக்கு வயது வரம்பு இருபத்தொன்றானதும், மூன்று நாள் காத்திருப்பு வந்ததும் அந்தச் சட்டத்தால்தான். ஸ்காட் தாமாக மனம் இளகினார் என்று நம்புகிறவரிடம் வேறென்ன சொல்ல?

கரிசல்காட்டான்:
அதே சட்டம்தான் பள்ளி ஊழியர் கையில் துப்பாக்கி கொடுக்கவும் வழி செய்தது. அந்த வகைத் துப்பாக்கியைத் தடை செய்யவுமில்லை. இதை இருவருமே விழுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

நாஞ்சிலான்:
அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளிப் படுகொலையை 1998 என்று எழுதி, 1999 என்று நான் திருத்தியபோது நன்றிகூடச் சொல்லாத தேரடியார் இன்று எனக்கு நேரக் கணக்குப் பாடம் எடுக்கிறார்.

தேரடியான்:
தட்டச்சுப் பிழையை இத்தனை நாள் பொத்தி வைத்திருந்தீர்களா? நீங்கள் 'ஒருநாள் கூத்து' என்ற அந்த மாணவர்களின் 'மார்ச் ஃபார் அவர் லைவ்ஸ்' அமைப்பில் பணியாற்றிய மேக்ஸ்வெல் ஃபிராஸ்ட் 2022 தேர்தலில், இருபத்தைந்து வயதில், நாடாளுமன்றத்துக்குப் போனார். அதே ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் உவால்டியில் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் பத்தொன்பது குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் மாண்டபோது மறுபடி தெருவுக்கு வந்ததும் இவர்கள்தான். அதற்கும் மணிக்கணக்குப் பார்ப்பீர்களோ?

நாஞ்சிலான்:
ஒலிப்பான் அடிக்கும்வரை அவர் மேடையில் நின்றது ஆறு நிமிடம் இருபது விநாடி. நான் எழுதியதும் அதுதான்.

தேரடியான்:
நேற்று 'வாய்திறக்காமல் நின்றது' என்று எழுதினீர்கள். அந்த 'வாய்திறக்காமல்' இன்று எங்கே போயிற்று?