கலக்கி நின்றுபோன இரவு: ஸ்டார்ச் ஆலைக்காரர்களே, உங்களுக்கும் ஒன்று இருக்குமே?

நைட் ஷிப்ட்

ஸ்லரி டேங்கில், அதாவது மாவும் தண்ணீரும் கலந்து நிற்கும் தொட்டியில், கலக்கி டிரிப் ஆகியிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றிருந்தது என்று தெரியாது, நான் பார்த்தபோது ஆம்பியர் முள் பூஜ்யத்தில் கிடந்தது. உள்ளே 40 சதவீதம் மாவு. கலக்கி நின்றால் மாவு அடியில் படிந்து இறுகிவிடும், இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரீசெட் போட்டு ஸ்டார்ட் அழுத்தினேன், ஒரு உறுமல், மறுபடி டிரிப். சரி என்று மேலே ஏறி, மூடியைத் திறந்து ஒரு நீளக் கம்பியை விட்டேன். மேலாகத் தெளிந்த தண்ணீர், அதற்கும் கீழே கம்பி தன் எடையிலேயே மெதுவாக, மிக மெதுவாக இறங்கிக்கொண்டே போனது. அப்பாடா, இறுகவில்லை என்று நினைத்து வெடுக்கென்று இழுத்தேன். தளத்தில் நட்டு வைத்த கம்பி போல அசையாமல் நின்றது. கையைத் தளர்த்தினால் இறங்குகிறது, இழுத்தால் பிடித்துக்கொள்கிறது.

இதைக் கண்ணால் பார்த்த பிறகும் கீழே வந்து இன்னொரு தடவை ஸ்டார்ட் அழுத்தினேன். ஏன் அழுத்தினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மோட்டாரையும் கலக்கியையும் இணைக்கும் கப்ளிங் பிளந்த சத்தம் டிரையர் பக்கம் இருந்தவர்களுக்கே கேட்டதாம். சூப்பர்வைசரிடம், "ஒரு தடவைதான் சார் அழுத்தினேன்" என்றேன்.

லேப் மேஜை

எனக்கு ஒரு டெஸ்ட் டியூப். லிக்விஃபிகேஷன், அதாவது மாவை என்சைம் விட்டு உடைத்து இளக்குவது, முடியும் நேரம், மூன்று பக்கமிருந்தும் போன். 95 டிகிரியில் இருந்த சாம்பிளை அப்படியே டியூபில் பிடித்து இரண்டு சொட்டு அயோடின் விட்டேன், உடையாத மாவு இருந்தால் நீலமாகும். நீலம் வரவில்லை, வெளிர் மஞ்சள்தான். ஓகே சொல்லி, பதிவேட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். பேனாவை மூடிக்கொண்டு நிமிர்ந்தால் ஸ்டாண்டில் இருந்த டியூப் அடியிலிருந்து நீலமாகிக்கொண்டு வருகிறது.

சூட்டில் அந்த நீலம் கலைந்துவிடும், ஆறினால் திரும்பி வரும். இதைப் படித்துத்தான் வேலைக்கு வந்தேன். பி.எச். இறங்கி என்சைம் பாதியிலேயே படுத்திருக்கிறது, மாவு உடையவே இல்லை. நான் போனை எடுப்பதற்குள் அங்கே வால்வைத் திருப்பி அடுத்த டேங்குக்கு விட்டாயிற்று.

ஊறல் பக்கம்

லேப்காரர்கள் எப்போதும் எண்ணைத்தான் நம்புவார்கள், மேலே சொன்னவரைக் குத்திச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். மக்காச்சோளத்தை ஊறவைக்கும் எங்கள் ஸ்டீப்பிங்கில் ஒரு பெரியவர் இருந்தார். தொட்டியிலிருந்து ஒரு மணியை எடுத்து நகத்தால் கீறி, இரண்டு விரலுக்கு நடுவே அழுத்துவார். முளைக்கரு முழுசாக வழுக்கி வெளியே வந்தால் தலையாட்டுவார். அன்று வரவில்லை, பாதியில் நசுங்கியது. "இன்னும் ஆறு மணி நேரம் விடு தம்பி" என்றார். என் ஷீட்டில் 36 மணி நேரம், 50 டிகிரி, சல்ஃபர் டை ஆக்சைடு அளவு எல்லாமே சரியாக இருந்தது. அரைவைக்கு அனுப்பிவிட்டேன்.

முதல் அரைவையிலேயே முளை உடைந்து எண்ணெய் மாவுப்பாலில் ஏறிவிட்டது. முளையைச் சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோனில் உடைந்த முளை மிதக்காது, அப்புறம் எதைப் பிரிப்பது? ஸ்டார்ச்சில் புரதமும் 0.3 சதவீதத்தைத் தாண்டிப் போனது. பெரியவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நசுங்கிய அந்த மணியை என் மேஜையில் ஷீட்டின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நடுவில் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஊறல் தண்ணீர் புளித்து நாறுகிறது என்று மூக்கைப் பிடிக்கும் புதுப் பையன்களே, 1941-இல் அமெரிக்காவில் பியோரியா ஆய்வகத்தில் பென்சிலின் பூஞ்சைக்கு இதைத்தான் ஊட்டினார்கள், விளைச்சல் பல மடங்கு ஏறியது.

பழைய மெக்கானிக்

நைட் ஷிப்ட் தம்பி, தப்பு இரண்டாவது அழுத்தலில் இல்லை, முதல் அழுத்தலிலேயே இருக்கிறது. எங்கள் ஆலையில் இதே கதைதான், ஒரு புத்திசாலி இளக்குகிறேன் என்று நீராவியைத் திறந்துவிட்டான், அடிமாவு வெந்து பசையாகி இரண்டு நாள் மண்வெட்டியால் வெட்டி எடுத்தோம். அது போகட்டும், இனிமேல் இப்படி ஆனால் என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போடுங்கள், ஆர்வக்கோளாறில் இன்னொருவன் வந்து அழுத்துவான். படிந்த மாவு வேகத்துக்குத்தான் இறுகும், நிதானத்துக்கு இளகும், நீங்கள் கம்பியில் பார்த்தது அதுதானே. நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் ஒரே எட்டில் முழு வேகத்துக்குத் துள்ளும், கல்லில் மோதுவது போல. அதனால் பச்சைத் தண்ணீர்க் குழாயை மெதுவாக இறக்கி மேலிருந்து ஓரடி ஓரடியாகக் கரையுங்கள், கரைந்ததைப் பம்பில் சுற்ற விடுங்கள், பிளேடு விடுபட்ட பிறகு ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம், 62 டிகிரி தாண்டினால் மாவு வேக ஆரம்பித்துவிடும். வேகம் கூட்டிக் குறைக்கும் டிரைவ் போடச் சொல்லிக் கேளுங்கள். ஆம்பியர் குறைந்தால் அலறுகிற மாதிரி ஒரு அலாரமும் வையுங்கள், முள்ளைத் தற்செயலாகப் பார்ப்பதெல்லாம் ஒரு முறையா? எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்காதீர்கள், கால் மாட்டினால் உதற உதற இறுக்கும்.

சட்டைப் பொத்தான்

மெக்கானிக் ஐயா, கேட்டது அனுபவம், நீங்கள் வகுப்பே எடுத்துவிட்டீர்கள். கடைசி வரி மட்டும் சத்தியம்.

காலி செய்த ஊறல் தொட்டிதானே என்று மூடியைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினேன். சல்ஃபர் டை ஆக்சைடு காற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம், அடியில் கிடந்திருக்கிறது, யாரோ மேலிருந்து தண்ணீர் விட்டதில் கிளம்பி வந்தது. தொண்டை மூடிக்கொண்டது, கத்தக்கூட வரவில்லை. ஹெல்ப்பர் பின்னாலிருந்து காலரைப் பிடித்து இழுத்தான், மேல் பொத்தான் தெறித்து அந்தத் தொட்டிக்குள்ளேயே விழுந்தது. அது விழுந்த சத்தம் கேட்டது. நானும் அங்கேதானே விழுந்திருப்பேன்.

நைட் ஷிப்ட்

ஐயா, டிரைவ் கேட்டு எழுதிக் கொடுத்தேன், கப்ளிங்தான் புதிதாக வந்தது. லேப் மேஜை, உங்களிடம் ஒன்று கேட்கணும், பதிவேட்டில் எழுதியதைத் திருத்தினீர்களா?

லேப் மேஜை

இல்லை. ஃபில்டர் அடைத்தது, துணியை மாற்றினார்கள். துணி சரியில்லை என்று எழுதியிருக்கிறது. நீங்கள்?

நைட் ஷிப்ட்

ஒரு தடவை என்றுதான் இருக்கிறது.