டிரெக்ஸ்லரின் 7.63 உலக சாதனையா? அந்த 2.1 பற்றி ஒரு சண்டை

மணற்குழி:
பக்கத்து இழையில் ஒருத்தர், "பெண்கள் நீளம் தாண்டுதலின் உண்மையான உலக சாதனை ஜெர்மனியின் ஹைக்கே டிரெக்ஸ்லரின் 7.63 மீட்டர். பட்டியலில் இருக்கும் சோவியத் வீராங்கனை சிஸ்தியாகோவாவின் 7.52 வெறும் காகிதச் சாதனை" என்று எழுதிவைத்திருக்கிறார். கீழே வரிசையாக ஆமாம் சாமிகள். படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை, அதனால்தான் தனி இழை. 1992 ஜூலை 21, இத்தாலியின் செஸ்ட்ரியேர். தாண்டியது 7.63. பின்காற்று வினாடிக்கு 2.1 மீட்டர். சாதனையாக ஏற்க அனுமதி 2.0 வரைதான். இதற்கு மேல் என்ன பேச்சு?

ஜெனா86:
அந்த "ஒருத்தர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். 7.52-க்கும் 7.63-க்கும் இடையே 11 சென்டிமீட்டர். காற்று கூடுதலாக வீசியது 0.1. அந்த 0.1 ஒரு சென்டிமீட்டர்கூடத் தராது. மீதிப் பத்து சென்டிமீட்டரை யார் கொடுத்தது, உங்கள் தாத்தாவா?

மணற்குழி:
2.1.

நடுவர்நாற்காலி:
இரண்டு பேரும் காற்றை எப்படி அளக்கிறார்கள் என்று தெரியாமலே அடித்துக்கொள்கிறீர்கள். காற்றுமானி தாண்டும் பலகையிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கும். ஓடுபாதையின் ஓரத்திலிருந்து 2 மீட்டருக்குள், 1.22 மீட்டர் உயரத்தில். வீராங்கனை பலகைக்கு 40 மீட்டர் முன்னாலுள்ள அடையாளத்தைக் கடக்கும் நொடியில் தொடங்கி 5 வினாடி அளக்க வேண்டும். அதைவிடக் குறைந்த தூரம் ஓடுபவர் என்றால் ஓடத் தொடங்கும் நொடியிலிருந்து. கிடைப்பது அந்த 5 வினாடியின் சராசரி. அவர் காற்றில் பறக்கும்போது என்ன வீசியது என்பதை அது தனியாகச் சொல்லாது.

இன்னொன்று. காற்றைப் பதியும்போது இரண்டாம் தசம இடத்தில் எது இருந்தாலும் மேலே ஏற்றுவார்கள். 2.03 என்றால் 2.1 என்று எழுதுவார்கள். தூரத்துக்கு நேர்மாறு: சென்டிமீட்டருக்குக் கீழே எது மிஞ்சினாலும் வெட்டிவிடுவார்கள். இரண்டு கணக்கும் தாண்டுகிறவருக்கு எதிராகத்தான் போகும்.

ஜெனா86:
கேட்டுக்கொள்ளுங்கள் மணற்குழி. 2.01 வீசியிருந்தாலும் தாளில் 2.1தான் வரும்! ஒரே ஒரு சென்டிமீட்டர் காற்றுக்காக ஒரு சாதனையைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

மணற்குழி:
2.10 வீசியிருந்தாலும் 2.1தான் வரும். உங்களுக்கு வசதியான பக்கத்தை மட்டும் பார்ப்பது பழைய வியாதி. பீமன் இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

ஜெனா86:
நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் பாப் பீமன் 8.90 தாண்டியபோது காற்று எவ்வளவு? சரியாக 2.0. செஸ்ட்ரியேரைவிட உயரமான ஊர். அது தெய்வீகச் சாதனை, இது காற்றடித்த பலூனா? அன்றைக்கு அந்த 2.0-ஐப் பற்றி வாய் திறக்காதவர் இன்றைக்கு நீதிமான்.

மணற்குழி:
2.0 என்பது 2.0. 2.1 என்பது 2.1. எல்.கே.ஜி. பாடம்.

கேள்விக்குறி:
"உண்மையான சாதனை" என்றால் என்ன? அங்கீகரித்த தூரமா, உடல் கடந்த தூரமா? அதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே.

மணற்குழி:
உயரத்தையும் கணக்கில் எடுங்கள் ஜெனா. செஸ்ட்ரியேர் 2,035 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை ஊர். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மெலிவு. பின்காற்றும் மெலிந்த காற்றும் சேர்ந்தால் ஓட்டத்தின் கடைசி பத்து மீட்டரில் வேகம் கூடும். பலகையில் வேகம் கூடினால் தூரம் கூடும். சிஸ்தியாகோவா 7.52 தாண்டியது 1988 ஜூன் 11, லெனின்கிராடில். தட்டையான ஊர், காற்று 1.4.

ஜெனா86:
வேகம் கூடினால் தூரம் கூடும் என்று சும்மா எழுதக்கூடாது. பின்காற்றில் ஒவ்வோர் எட்டும், அதாவது ஒவ்வொரு காலடியும், கொஞ்சம் நீளும். பதினெட்டு, இருபது காலடி ஓடி வருகிறவருக்கு அது சேர்ந்து சேர்ந்து பலகையருகே ஓர் அடி மிகையாகிவிடும். தொடக்க அடையாளத்தைப் பின்னால் தள்ளி வைக்கவில்லை என்றால் கால் பலகைக்கு அப்பாலுள்ள பிளாஸ்டிசின் களிமண்ணில் பதிந்து சிவப்புக் கொடிதான், தாண்டல் செல்லாது. தள்ளி வைத்த பிறகு காற்று விழுந்தால் பலகைக்கு எட்டாமல் அரை அடி முன்னாலேயே எழும்ப வேண்டிவரும், அந்த அரை அடி அளவில் சேராது. எட்டு சரிவராது என்று பயந்து கடைசியில் குறுக்கினால் கடைசிக்கு முந்தைய எட்டு கெட்டுவிடும். அந்த எட்டுதான் நீளமாக இருந்து இடுப்பைத் தாழ்த்த வேண்டும், அடுத்தது குட்டையாக வந்து மேலே தூக்க வேண்டும். அது கெட்டால் காற்று எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. புயலடித்தால் யாரும் 7.63 தாண்டிவிடலாம் என்றால் இன்றுவரை வேறொருத்தரும் ஏன் தாண்டவில்லை?

மணற்குழி:
நீளமாக எழுதினால் 2.1 குறைந்துவிடுமா?

கெர்சிரசிகை:
டிரெக்ஸ்லர் பக்தர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் ஜாக்கி ஜாய்னர்-கெர்சி 1994-இல் இரண்டு முறை 7.49 தாண்டினார். ஒன்று நியூயார்க்கில், இன்னொன்று இதே செஸ்ட்ரியேரில். அதே மலை, அதே மெலிந்த காற்று, ஆனால் காற்று வரம்புக்குள். சியோல் ஒலிம்பிக்கிலும் ஜாக்கி 7.40, டிரெக்ஸ்லர் 7.22. டோக்கியோ 1991 உலகப் போட்டியிலும் ஜாக்கி 7.32, டிரெக்ஸ்லர் 7.29. பெரிய மேடையில் யார் பெரியவர் என்று தெரிகிறதா?

ஜெனா86:
பார்சலோனா 1992 ஒலிம்பிக்கை ஏன் விழுங்கிவிட்டீர்கள் அம்மா? டிரெக்ஸ்லர் 7.14 தங்கம், கிராவெட்ஸ் 7.12 வெள்ளி, உங்கள் ஜாக்கி 7.07 வெண்கலம். அது நடந்தது இந்த 7.63-க்கு அடுத்த மாதம். ஜூலை 8-இல் லோசானில் 7.48, காற்று 0.4 மட்டும். அந்தக் கோடையில் அவர் இருந்த நிலைக்கு 7.63 ஒன்றும் வானத்திலிருந்து குதித்ததல்ல. சியோலில் 100, 200 மீட்டரிலும் வெண்கலம் வாங்கியவர். 200 மீட்டரில் 21.71 ஓடி உலக சாதனையைச் சமன் செய்தவர். அந்த வேகம் சொந்த வேகம், கடன் வாங்கிய காற்று அல்ல.

கெர்சிரசிகை:
ஜாக்கி ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லான் ஆடிவிட்டு வந்து தாண்டியவர்.

ஜெனா86:
டிரெக்ஸ்லரும் 1994-இல் ஹெப்டத்லானில் 6,741 புள்ளி எடுத்தார். அதையும் தேடிப் பாருங்கள்.

மணற்குழி:
செஸ்ட்ரியேர் என்றாலே எனக்கு ஒரு சிரிப்பு. அங்கே உலக சாதனை படைத்தால் ஃபெராரி கார் பரிசு. 1995-இல் கியூபாவின் இவான் பெத்ரோசோ 8.96 தாண்டினார், காற்று 1.2 என்று காட்டியது. அப்புறம் வீடியோவைப் பார்த்தால் காற்றுமானிக்கு முன்னால் ஓர் ஆள் மறைத்துக்கொண்டு நிற்கிறார். சாதனை போச்சு. இந்த ஊர் காற்றுமானியை வைத்துக்கொண்டா வாதாடுகிறீர்கள்?

ஜெனா86:
அட, உங்கள் வாதமே உங்களைக் கடிக்கிறது! அந்த ஊர் கருவியை நம்பக்கூடாது என்றால் 2.1-ஐ மட்டும் ஏன் நம்புகிறீர்கள்?

மணற்குழி:
மறைத்தால் அளவு குறையும், கூடாது. அப்படியே யாராவது மறைத்திருந்தாலும் நிஜக் காற்று 2.1-ஐவிட அதிகம்தான்.

நடுவர்நாற்காலி:
1992-இல் யாரும் மறைத்ததாகக் குற்றச்சாட்டே இல்லை. 95-ஐக் கொண்டுவந்து 92-இல் ஒட்டாதீர்கள்.

மணற்குழி:
நீங்கள் நடுவர் இல்லை, நாற்காலி மட்டும்தான்.

கேள்விக்குறி:
யாராவது என் கேள்விக்குப் பதில் சொல்வீர்களா?

தெற்குக்காற்று:
1983 ஹெல்சிங்கி முதல் உலகப் போட்டியில் டிரெக்ஸ்லர் தங்கம் வாங்கிய 7.27-உம் வரம்பு மீறிய பின்காற்றில்தான். அப்போது வயது 18, கல்யாணத்துக்கு முந்தைய பெயர் ஹைக்கே டௌட்டே. பதக்கத்துக்குக் காற்று வரம்பு கிடையாது, சாதனைக்கு மட்டும்தான். நம் ஊர்க்காரர்கள் அஞ்சு பாபி ஜார்ஜின் ஏதென்ஸ் 6.83-ஐக் கொண்டாடுவார்கள். இந்த அம்மா 18 வயதிலேயே ஏழு மீட்டரை எங்கோ தாண்டிப் போய்விட்டார்.

கெர்சிரசிகை:
அஞ்சுவை எதற்கு இழுக்கிறீர்கள்? கிழக்கு ஜெர்மனியில் அரசே ஊக்கமருந்துத் திட்டம் நடத்தியது, 14.25 என்று எண் போட்டு. அதை அம்பலப்படுத்திய ஃபிராங்கேயும் பெரென்டோங்கும் 1991-இல் வெளியிட்ட ஆவணங்களில் டிரெக்ஸ்லர் பெயரும் இருக்கிறது. அஞ்சுவோடு எப்படி ஒப்பிடுவீர்கள்?

ஜெனா86:
அவர் ஒரு பரிசோதனையிலும் சிக்கவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில், பெர்லின் சுவர் இடிந்து பத்தாண்டு கழித்து, 35 வயதில் 6.99 தாண்டி மறுபடி தங்கம் வாங்கினார். ஒலிம்பிக் நீளம் தாண்டுதலில் இரண்டு தங்கம் வாங்கிய பெண் அவர் ஒருவர்தான். அங்கே வெண்கலம் வாங்கிப் பிறகு ஊக்கமருந்தால் பறிகொடுத்தவர் யார் என்று சொல்லட்டுமா? உங்கள் அமெரிக்காவின் மேரியன் ஜோன்ஸ்.

கெர்சிரசிகை:
நான் ஜாக்கியைப் பற்றிப் பேசினால் நீங்கள் மேரியனைப் பற்றிப் பேசுகிறீர்கள். அமெரிக்கா முழுக்க ஒரே குடும்பமா?

மணற்குழி:
எல்லாரும் எங்கெங்கோ போய்விட்டீர்கள். சிட்னி, பார்சலோனா, பெர்லின் சுவர். தலைப்பு செஸ்ட்ரியேர். ஜெனா, ஒரே கேள்வி: தாளில் என்ன எண் இருக்கிறது?

ஜெனா86:
7.63.

மணற்குழி:
அதற்குப் பக்கத்தில்?

ஜெனா86:
டிரெக்ஸ்லர் என்ற பெயர். பீமன் இழைக்கு வாருங்கள், அங்கே உங்கள் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறேன்.

மணற்குழி:
போடுங்கள். நான் அழித்தது ஒன்றுகூட இல்லை. நீங்கள்தான் போன வாரம் இரண்டைத் திருத்தினீர்கள்.