எண்ணூர் கழிமுகத்துல அலையாத்தி நடலாம்னு இருக்கோம், எங்க ஆரம்பிக்கிறது?

வடசென்னைப் பையன்:
வணக்கம் மக்களே. நாங்க திருவொற்றியூர் சைடு, பெரும்பாலும் காலேஜ் பசங்க, லீவு நாள்ல பீச் க்ளீன் பண்ற குரூப். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்து கழிமுகம் கருப்பா நின்னுச்சே, மீனவங்க மக்குலயும் பக்கெட்டுலயும் வெறுங்கையால அள்ளுனாங்களே, அதைப் பார்த்ததுல இருந்தே இந்த இடத்துக்கு ஏதாச்சும் செய்யணும்னு மனசு அடிச்சுக்குது. இப்ப ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் காசுல, அதாவது சமூகப் பணிக்குன்னு ஒதுக்குற காசுல, ஆயிரக்கணக்குல அலையாத்தி கன்னு வாங்கித் தரேன்னு சொல்லுது, மழைக்கு முன்னாடி நட்டு முடிச்சிடணுமாம். தண்ணி இறங்குனா ஆத்தோரமா காலி சேறு நிறைய தெரியுது, அங்க நடலாமா? எந்த வகை நல்லது? பர்மிஷன் யார்கிட்ட வாங்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கழிக்காரன்:
தம்பி, இந்த மனசே பெருசு, ஆனா கொஞ்சம் நில்லுங்க. நான் அந்தப் பக்கத்துக் குப்பம்தான், எங்கப்பா இன்னும் கழியிலதான் வலை போடுறாரு. நீங்க காலி சேறுன்னு சொல்றீங்கல்ல, அது காலி இல்லப்பா. இருளர் ஜனங்க பனையோலைக் கூடையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு கையால தடவித் தடவி இறால் புடிக்கிறது அங்கதான், நண்டு வளை இருக்கிறதும் அங்கதான், பனிக்காலத்துல வலசை வர்ற குருவிங்க வந்து மேயுறதும் அங்கதான். எங்களுக்குள்ள பாடுன்னு ஒரு முறை இருக்கு, எந்த இடத்துல இன்னைக்கு யார் வலை போடணும்னு முறை வெச்சுத்தான் தொழில் பண்றோம், அதுக்கு நடுவுல கன்னை நட்டா வலையும் போட முடியாது, படகு போற வழியும் அடைஞ்சிடும். இன்னொண்ணு, கழி சாகுறது மரம் இல்லாததால மட்டும் இல்ல. அனல்மின் சாம்பல் படிஞ்சு ஆழம் போச்சு, முகத்துவாரத்துல மண்ணு மூடிக்குது, ரோடு, பைப்லைன்னு போட்டு சின்னச் சின்ன வாய்க்கால் எல்லாம் அடைபட்டுப் போச்சு, தண்ணி ஏறி இறங்குனாத்தானே எதுவும் பொழைக்கும்? மொதல்ல ஊருக்கு வந்து பெரியவங்ககிட்ட பேசுங்க, அலையாத்தி முன்னாடி எங்க நின்னுச்சுன்னு அவங்க கை காட்டுவாங்க, அதுல பாதி இடத்துல இப்ப சீமைக்கருவேலம்தான் நிக்குது.

தாவரவியல் டீச்சர்:
கழிக்காரன் தம்பி சொன்னது அப்படியே உண்மை. பிச்சாவரம் கதையைக் கேளுங்க. அங்க வெள்ளைக்காரன் காலத்துல இருந்து கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, மரத்தை மொத்தமா வெட்டுனாங்க, வெட்டுன இடத்துல வெயில் நேரா அடிச்சு ஈரம் காஞ்சு மண்ணு அமுங்கிப் பள்ளமாயிடுச்சு, அதுக்கப்புறம் ஏறுன தண்ணி திரும்பிப் போக வழி இல்லாம நின்னு வத்தி வத்தி உப்பு ஏறிப் போய் ஒரு செடியும் வரல. 1990கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரங்களைச் சேர்த்துக்கிட்டு மொதல்ல செஞ்சது வாய்க்கால் வெட்டுனதுதான், நடுவுல பெரிய வாய்க்கால், அதுல இருந்து ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்கால், மீன்முள்ளு மாதிரி. தண்ணி போய் வர ஆரம்பிச்சு உப்பு குறைஞ்சதும்தான் கன்னு பிடிச்சது. முத்துப்பேட்டையிலயும் இதே முறைதான்.

வகைன்னு கேட்டா, எண்ணூர்ல இயற்கையா அதிகம் நிக்கிறது வெண்கண்டல், அவிசீனியா மரீனா. நர்சரிக்காரங்க சுரபுன்னையைத் தள்ளி விடப் பார்ப்பாங்க, காய் நீளமா இருக்கும், அப்படியே சேத்துல குத்திட்டுப் போயிடலாம், போட்டோவுக்கும் நல்லா வரும். பிலிப்பைன்ஸ்ல இப்படித்தான் சுலபமா இருக்குன்னு சுரபுன்னையை அலை அடிக்கிற சேத்துலயும் கடல்புல் மேலயும் வருஷக்கணக்கா நட்டு, பெரும்பகுதி செத்தே போச்சு. தண்ணி சரியா போய் வந்து, பக்கத்துல தாய்மரமும் இருந்தா வெண்கண்டல் விதை தானா மிதந்து வந்து முளைக்கும், நடவே தேவைப்படாது. எண்ணெய் பட்ட இடத்துல மட்டும் அவசரம் வேண்டாம், வெண்கண்டல் மேல நோக்கி நிக்கிற மூச்சுவேர் வழியாத்தான் சுவாசிக்குது, எண்ணெய் அந்த வேர்ல இருக்கிற துவாரத்தை அடைச்சா மரம் மூச்சு முட்டித்தான் சாகும், புதுக் கன்னுக்கும் அதே கதிதான். எண்ணெய் சேத்துக்குள்ள இறங்கியிருந்தா மண்ணை டெஸ்ட் பண்ணாம அங்க கையே வைக்காதீங்க.

அடையாறு நடைக்காரன்:
பர்மிஷன் பத்தி நான் சொல்றேன். அலையாத்தி நிக்கிற இடம் சிஆர்இசட் 1ஏ, அதாவது கடலோர ஒழுங்குமுறை விதியில ரொம்பப் பாதுகாப்பான வகை, 1000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா சுத்தி 50 மீட்டர் பஃபர், அதாவது பாதுகாப்பு இடைவெளி, வேற உண்டு. அதனால இடம் யார் பேர்ல இருக்குன்னு மொதல்ல பாருங்க, வனத்துறையா வருவாய்த்துறையா துறைமுகமான்னு தெரியாம ஒரு மண்வெட்டி கூட இறக்காதீங்க. வனத்துறை ரேஞ்சர் ஆபீஸ்ல ஊர் நிர்வாகிங்களும் நீங்களும் சேர்ந்து மனு கொடுத்தா மரியாதையே வேற. எங்க அடையாறு கழிமுகத்துல இருக்கிற அடையாறு பூங்கா 58 ஏக்கர், 2011ல திறந்தாங்க, அங்கயும் குப்பையையும் இடிபாட்டையும் அள்ளிட்டு தண்ணிக்கு வழி விட்டதுதான் பெரிய வேலை, செடி அப்புறம்தான்.

இன்னொரு விஷயம், கன்னு மிச்சமாச்சுன்னு பீச்ல சவுக்கு கிவுக்கு நட்டுடாதீங்க, பங்குனி ஆமைங்கிற கடலாமைங்க ஜனவரியில இருந்து முட்டை வைக்க வர்ற மணல் அது.

வடசென்னைப் பையன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். குரூப்ல பேசிட்டோம், மழைக்கு முன்னாடி நடுறதை விட்டுட்டோம். ஆனா கம்பெனில எத்தனை கன்னு நட்டோம்னுதான் ரிப்போர்ட்ல எழுத முடியுமாம், அவங்களுக்கு என்ன சொல்றது?

தாவரவியல் டீச்சர்:
மூணு வருஷம் கழிச்சு எத்தனை உயிரோட நிக்குதுன்னு எழுதச் சொல்லுங்க. அந்தக் காசை சீமைக்கருவேலத்தை வேரோட எடுக்கவும், வாய்க்கால் தூர்வாரவும், கன்னுல சுத்துற பிளாஸ்டிக்கையும் ஒட்டுற கொட்டலசுங்கிற சின்னச் சிப்பி மாதிரி உயிரியையும் எடுத்து விடவும் குப்பத்து ஆளுங்களுக்கே கூலியா கொடுக்கட்டும். ஒத்துக்கலைன்னா வேற காசு தேடலாம், நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

கழிக்காரன்:
அமாவாசையை ஒட்டி வாங்க தம்பி, அப்பதான் தண்ணி எதுவரைக்கும் ஏறுது, எங்க தடைபட்டு நிக்குதுன்னு நல்லாத் தெரியும். அப்பா படகுலயே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாரு. அஞ்சாறு பேரா வாங்க, மொத்தமா வந்தா படகு தாங்காது.